அதே ரெண்டு ஊரு... தூரம் மட்டும் எப்படி பாஸ் கூடுச்சு?

ஒரு சின்னக் கணக்கோட ஆரம்பிப்போமா?

பின்லாந்து நாட்டுத் தலைநகர் ஹெல்சின்கி. அங்கேயிருந்து ஜப்பான் தலைநகர் டோக்கியோவுக்கு ஒரு விமானம் கிளம்புது. 2022 ஜனவரியில் பயண நேரம் ஒன்பதரை மணி நேரம். அதே ஏர்லைன்ஸ், அதே ரக விமானம். ரெண்டே மாசம் கழிச்சு, 2022 மார்ச்சில், பயண நேரம் 13 மணி நேரம்!

விமானத்துக்கு வயசாகலை. டோக்கியோவைத் தூக்கி வேற இடத்துல வைக்கலை. அப்புறம் அந்த மூணரை மணி நேரம் எங்கேயிருந்து வந்து ஒட்டிக்கிச்சு?

ஜியாக்ரஃபி வாத்தியார், பிசிக்ஸ் வாத்தியார், பாலிடிக்ஸ் வாத்தியார் மூணு பேரையும் ஒரே ஸ்டாஃப் ரூமில் உட்கார வெச்சாத்தான் இதுக்குப் பதில் கிடைக்கும். வாங்க, ஒவ்வொருத்தரா கேட்போம்.

ஸ்கேலைக் கீழே வைங்க!

ஸ்கூல் அட்லஸை எடுத்து, ஹெல்சின்கிக்கும் டோக்கியோவுக்கும் நடுவில் ஸ்கேல் வெச்சு ஒரு கோடு போடுங்க. கோடு தென்கிழக்கா சரிஞ்சு போகும். 'ஆஹா, இதுதான் குறுக்கு வழி'ன்னு நினைச்சா, அங்கேதான் தப்பு!

பூமி உருண்டை. அட்லஸ் தட்டை. ஆரஞ்சுப் பழத் தோலை உரிச்சு மேஜை மேல ஒட்டற மாதிரிதான் மேப் போடறதும். எங்கேயாவது இழுக்கணும், எங்கேயாவது கிழிக்கணும். அதனால உண்மையான குறுக்கு வழி தெரியணும்னா ஒரு குளோபும் ஒரு நூலும் வேணும். நூலோட ஒரு முனையை ஹெல்சின்கியிலும் இன்னொரு முனையை டோக்கியோவிலும் வெச்சு இறுக்கிப் பிடிங்க. நூல் தானா வடக்குப் பக்கம் வளைஞ்சு மேலே ஏறும். ஆர்க்டிக் வட்டத்தையே தொட்டுட்டு, சைபீரியா மேல போய், அப்புறம்தான் ஜப்பானுக்கு இறங்கும்!

டோக்கியோ இருக்கிறது ஹெல்சின்கிக்கு ரொம்பத் தெற்கே. நம்ம ஸ்ரீநகருக்குக் கொஞ்சம் மேல இருக்கிற அட்சரேகைதான். ஆனாலும் அங்கே போக முதல்ல வடக்கே ஏறணும். இந்த நூல் வழியைத்தான் 'கிரேட் சர்க்கிள்' என்கிறார்கள். இரண்டு ஏர்போர்ட்டுகளுக்கு நடுவே 'இவ்வளவு கிலோமீட்டர்' என்று சொல்லப்படுவதெல்லாம் பெரும்பாலும் இந்த நூலோட நீளம்தான். ஹெல்சின்கி - டோக்கியோ நூல் நீளம் சுமார் 7,800 கிலோமீட்டர்.

இப்போ நூலை நல்லா உத்துப் பாருங்க. அதில் பெரும்பகுதி ஒரே ஒரு நாட்டு மேலதான் கிடக்கும். ரஷ்யா! 11 டைம் ஸோன் உள்ள நாடு. ஐரோப்பாவுக்கும் கிழக்கு ஆசியாவுக்கும் நடுவுல அவ்வளவு பெரிய வீடு கட்டி உட்கார்ந்திருக்கு.

ஆகாயத்துக்கும் வேலி உண்டு

'வானம் எல்லோருக்கும் பொது'ன்னு கவிதை எழுதலாம். ஆனா விமானம் ஓட்ட முடியாது.

1944-ல் சிகாகோவில் பல நாடுகள் கூடி ஒரு உடன்படிக்கை போட்டன. அதில் முதல் ஷரத்தே இதுதான்: ஒவ்வொரு நாட்டின் நிலத்துக்கு மேலே உள்ள வான்வெளியும் அந்த நாட்டுக்கே முழுச் சொந்தம். கடற்கரையிலிருந்து 12 கடல் மைல், அதாவது சுமார் 22 கிலோமீட்டர் வரைக்கும்கூட அவங்க ஏரியாதான். உள்ளே வரணும்னா பர்மிஷன் வேணும். சும்மா கடந்து போறதுக்கும் சேர்த்துத்தான்.

சோவியத் யூனியன் இருந்த காலத்தில் அந்த பர்மிஷன் லேசில் கிடைக்காது. சில ஏர்லைன்ஸுக்கு மட்டும், மாஸ்கோவில் இறங்கிப் போகணும்கிற மாதிரி நிபந்தனைகளோட கதவு திறந்தது. மத்தவங்க என்ன செஞ்சாங்க? பூமியோட உச்சந்தலை வழியா சுத்திப் போனாங்க!

1957 பிப்ரவரியில் ஸ்காண்டிநேவிய ஏர்லைன்ஸான எஸ்.ஏ.எஸ்., கோபன்ஹேகனிலிருந்து வட துருவப் பகுதியைக் கடந்து, அலாஸ்காவில் உள்ள ஆங்கரேஜில் இறங்கி எரிபொருள் நிரப்பி, டோக்கியோ போற சர்வீஸைத் தொடங்கியது. தெற்கே ஆசியா வழியா ஊர் ஊரா இறங்கிப் போறதைவிட இது எவ்வளவோ மேல். அதுக்கப்புறம் ஆங்கரேஜ், ஐரோப்பாவுக்கும் ஜப்பானுக்கும் நடுவிலே நம்ம விழுப்புரம் பைபாஸ் ஹோட்டல் மாதிரி ஆகிப்போச்சு. எல்லா வண்டியும் அங்கே நின்னுதான் கிளம்பும்.

1983 ஏப்ரலில் பின்லாந்தின் ஃபின்ஏர் நிறுவனம் இன்னொரு படி மேல போச்சு. டி.சி.-10 விமானத்தில் கூடுதல் எரிபொருளை ஏத்திக்கிட்டு, ஹெல்சின்கியில் ஏறினா நேரா டோக்கியோவில்தான் கால் வைக்கணும்கிற மாதிரி நான்-ஸ்டாப் சர்வீஸ். மேற்கு ஐரோப்பாவிலிருந்து ஜப்பானுக்கு நடுவில் இறங்காமல் போன முதல் சர்வீஸ் அது. வட துருவத்தைத் தாண்டி, அலாஸ்காவுக்கும் ரஷ்யாவுக்கும் நடுவில் இருக்கிற பேரிங் ஜலசந்தி வழியா இறங்கி, சோவியத் மண்ணைத் தொடாமலேயே போகும். எடுத்துக்கிட்ட நேரம் எவ்வளவு தெரியுமா?

சுமார் 13 மணி நேரம்! இந்த நம்பரை ஞாபகம் வெச்சுக்கோங்க.

ஒரு ராத்திரி, 269 உயிர்

'கொஞ்சம் உள்ளே புகுந்து போனா என்ன ஆயிடப் போவுது?'ன்னு கேக்கறீங்களா? அதே 1983-ம் வருஷம் செப்டம்பர் 1-ம் தேதி நடந்ததைக் கேளுங்க.

நியூயார்க்கிலிருந்து ஆங்கரேஜ் வழியா தென்கொரியாவின் சியோலுக்குப் போய்க்கிட்டிருந்தது கொரியன் ஏர்லைன்ஸ் 007. ஆங்கரேஜிலிருந்து கிளம்பிய விமானம் கொஞ்சம் கொஞ்சமா பாதை விலகிச்சு. கிடைச்ச கறுப்புப் பெட்டிப் பதிவுகளை 1993-ல் ஆராய்ந்தபோது தெரிந்தது இதுதான்: ஆட்டோ பைலட், பாதையைத் தானே பார்த்துப் போகும் கருவியோடு இணையாமல், திசைகாட்டி காட்டிய ஒரே திசையிலேயே போய்க்கொண்டிருந்தது. பைலட்டுகள் அதைக் கவனிக்கவில்லை. அவங்களைப் பொறுத்தவரைக்கும் விமானம் சரியான ரூட்டில்தான் போகுது.

நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் விலகி, சோவியத் வான்வெளிக்குள் நுழைந்து, சகாலின் தீவுப் பக்கம் போனபோது சோவியத் போர் விமானம் அதைச் சுட்டு வீழ்த்தியது. உள்ளே இருந்த 269 பேரில் ஒருத்தர்கூடப் பிழைக்கலை.

இந்தச் சோகத்துக்கு அப்புறம்தான், ராணுவத்துக்காக உருவாகிக்கொண்டிருந்த ஜி.பி.எஸ். வசதியைப் பொதுமக்களின் விமானங்களுக்கும் தருவோம்னு அமெரிக்க அதிபர் ரீகன் அரசு அறிவிச்சது. இன்னிக்கு உங்க செல்போன் 'இடதுபுறம் திரும்பவும்'னு சொல்லுதே, அதோட பின்னால இப்படி ஒரு ராத்திரியும் இருக்கு.

கதவு திறந்துச்சு... அப்புறம் மூடிச்சு!

1980-களின் கடைசியிலும் 90-களின் ஆரம்பத்திலும் காத்து மாறிச்சு. சோவியத் யூனியன் தளர்ந்து, 1991-ல் கலைஞ்சே போச்சு. சைபீரியா வான்வழி திறந்தது. சும்மா இல்லை, அந்த வழியில் போற ஐரோப்பிய ஏர்லைன்ஸ்கள் ரஷ்யாவுக்குக் கப்பம் கட்டணும். நம்ம ஊர் டோல்கேட் மாதிரிதான். ஆனா மிச்சமாகிற நேரத்தையும் எரிபொருளையும் பார்த்தா, டோல் கட்டறதே லாபம்.

இதில் ஜாக்பாட் அடிச்சது ஹெல்சின்கிக்குத்தான். குளோபில் மறுபடியும் நூலைப் பிடிச்சுப் பாருங்க. ஐரோப்பாவின் பல நகரங்களிலிருந்து ஜப்பான், கொரியாவுக்கு நூல் பிடிச்சா, அது ஹெல்சின்கிக்கு மேலயோ பக்கத்துலயோதான் போகும். 'ஐரோப்பாவிலிருந்து ஆசியாவுக்கு எங்க ஊர்தான் குறுக்குச் சந்து'ன்னு சொல்லியே ஃபின்ஏர் பிசினஸை வளர்த்தது. அந்தச் சின்ன நாட்டு ஏர்போர்ட் டிரான்ஸிட் பயணிகளால் நிரம்பிச்சு.

2022 பிப்ரவரி 24. ரஷ்யா உக்ரைன் மேல படையெடுத்தது. சில நாட்களில் ஐரோப்பிய யூனியன் ரஷ்ய விமானங்களுக்குத் தன் வான்வெளியை மூடியது. பதிலுக்கு ரஷ்யாவும் அவங்களுக்கு மூடியது. முப்பது வருஷமா திறந்திருந்த கதவு ஒரே வாரத்துல 'டமால்'! அந்தக் கதவு இன்னும் திறக்கலை.

சென்னையிலிருந்து மதுரைக்குக் கிளம்பறீங்க. விழுப்புரம் தாண்டி திருச்சி ரோட்டை மொத்தமா மூடிட்டாங்க. சேலம், கோயம்புத்தூர்னு சுத்திட்டு மதுரைக்குப் போகணும்னா எப்படி இருக்கும்? ஹெல்சின்கிக்கு நடந்தது அதுதான். 7,800 கிலோமீட்டர் நூல் வழி போய், சுமார் 11,000 கிலோமீட்டர் சுத்து வழி வந்தது. கூடுதலான தூரம் மட்டுமே கிட்டத்தட்ட கன்னியாகுமரி டூ காஷ்மீர் அளவு!

ஃபின்ஏர் என்ன பண்ணிச்சு? பழைய நோட்டைத் தூசு தட்டி எடுத்தது. 1983-ல் போன அதே வட துருவ வழி. அதே 13 மணி நேரம்! விமானம் டி.சி.-10 இல்லை, கம்ப்யூட்டர்கள் நிறைந்த ஏர்பஸ் ஏ350. நாற்பது வருஷ டெக்னாலஜி முன்னேற்றம் ஒரு பக்கம், மூடின கதவு இன்னொரு பக்கம். கடைசியில் கடிகாரம் வந்து நின்னது பழைய இடத்துலதான்.

உச்சந்தலையில் என்ன பிரச்னை?

வட துருவத்துக்கு மேல போறது மெரினாவில் காத்து வாங்கற மாதிரி இல்லை.

முதல் பிரச்னை, ரெண்டு இன்ஜின். நடுவழியில் ஒண்ணு நின்னா, மிச்சமுள்ள ஒரு இன்ஜினில் போய் இறங்க ஒரு ஏர்போர்ட் குறிப்பிட்ட நேரத்துக்குள் கிடைக்கணும்னு விதி. அந்தக் காலத்தில் அதனால்தான் மூணு இன்ஜின் டி.சி.-10 தேவைப்பட்டது. ஏ350 ரக விமானத்துக்கு இந்த நேரத்தை 370 நிமிஷம் வரை நீட்டிக்க ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பு 2014-ல் அனுமதி கொடுத்தது. ஆறு மணி நேரத்துக்கும் மேல ஒரே இன்ஜினில் பறக்கலாம் என்கிற அளவுக்கு நம்பிக்கை!

ரெண்டாவது, குளிர். விமானங்களில் பரவலாகப் பயன்படும் ஜெட் ஏ-1 எரிபொருளின் உறைநிலை மைனஸ் 47 டிகிரி. துருவப் பகுதியில் அந்த உயரத்தில் வெளியே இருக்கிற காத்து அதைவிடவும் குளிரும். அதனால டேங்கில் இருக்கிற எரிபொருளுக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி பைலட்டுகள் டெம்பரேச்சரைப் பார்த்துக்கிட்டே இருப்பாங்க. ரொம்பக் குளிர்ந்தா கொஞ்சம் கீழே இறங்கணும், இல்லைன்னா வேகத்தைக் கூட்டணும்.

மூணாவது, வெயிட். தூரம் கூடினா எரிபொருள் கூடும். அந்தக் கூடுதல் எரிபொருளைச் சுமக்கவே இன்னும் கொஞ்சம் எரிபொருள் வேணும். கூடுதல் பைலட்டுகள் வேணும். சரக்கைக் குறைக்கணும். செலவு எகிறும், புகையும் கூடும். ஃபின்ஏர் சில ஆசிய ரூட்களைக் கைவிட்டது. 2023-ல் தன்கிட்ட இருந்த ரெண்டு விமானங்களை, ஊழியர்களோட சேர்த்து, ஆஸ்திரேலியாவின் குவான்டாஸுக்குக் குத்தகைக்கு அனுப்பியது. குறுக்குச் சந்துக் கடைக்காரர், சந்தை மூடினதும் தள்ளுவண்டியை வாடகைக்கு விட்ட கதை!

ஒரு ஆறுதல் பரிசும் உண்டு. துருவத்தைத் தாண்டின பயணிகளுக்கு 'நீங்க வட துருவத்துக்கு மேல பறந்தீங்க'ன்னு சர்ட்டிபிகேட் கொடுத்தாங்க. ரெஸ்யூமில் போட முடியாது, ஃபேஸ்புக்கில் போடலாம்!

எஸ்பெரான்டோவில் எழுதின காத்து

பிசிக்ஸ் வாத்தியார் ரொம்ப நேரமா கை தூக்கிட்டு நிக்கறார். கூப்பிடுவோம்.

1920-களில் டோக்கியோவுக்குப் பக்கத்தில் தாடெனோ என்ற இடத்தில் வசாபுரோ ஓயிஷி என்ற வானிலை ஆராய்ச்சியாளர் பலூன்களைப் பறக்கவிட்டார். மேலே போன பலூன்கள் பயங்கர வேகத்தில் கிழக்கே ஓடின. மேற்கிலிருந்து கிழக்கே ஓடும் காற்று நதி! இன்னிக்கு 'ஜெட் ஸ்ட்ரீம்'னு சொல்றது இதைத்தான்.

உலகமே படிக்கணும்னு நினைச்ச அவர், 1926-ல் அந்த ஆராய்ச்சியை உலகப் பொது மொழியா உருவாக்கப்பட்ட எஸ்பெரான்டோவில் எழுதினார். விளைவு? வெளிநாட்டில் அதைக் கண்டுக்கிட்டவங்களே ரொம்பக் குறைவு! 1944-ல் ஜப்பான் மேல உயரத்தில் குண்டு போட வந்த அமெரிக்க விமானங்கள், இந்தக் காத்துல மாட்டிக்கிட்டுத் தவிச்சுத்தான் பாடம் படிச்சன.

இந்த நதியோட போனா நேரம் மிச்சம். எதிர்த்துப் போனா லேட். அதனால ஹெல்சின்கி விமானங்கள் தினமும் காத்தைப் பார்த்துத்தான் வழி எடுக்கும். வடக்கே துருவம் வழியா, இல்லைன்னா தெற்கே துருக்கி, கஜகஸ்தான், சீனா வழியா. டோக்கியோவுக்குப் போறப்ப தெற்கு வழியா கிழக்கே போயிட்டு, திரும்பும்போது பசிபிக், அலாஸ்கா, துருவம்னு மறுபடியும் கிழக்கேயே கிளம்பி வீடு வந்து சேரலாம். ஒரே ரிட்டர்ன் டிக்கெட்ல உலகத்தையே ஒரு சுத்து!

நம்ம வீட்டுப் பக்கமும்தான்

'இதெல்லாம் பின்லாந்துக்காரன் கவலை'ன்னு விட முடியாது. 2019 பிப்ரவரியில் பாலகோட் தாக்குதலுக்கு அப்புறம் பாகிஸ்தான் தன் வான்வெளியை மூடியது. முழுசா திறந்தது ஜூலையில்தான். அந்தச் சமயத்தில் இண்டிகோவின் டெல்லி - இஸ்தான்புல் விமானம் சுத்து வழியில் போக எரிபொருள் பத்தாமல், தோஹாவில் இறங்கி நிரப்பிக்கிட்டுப் போச்சு.

2025 ஏப்ரலில் இந்திய விமானங்களுக்கு மறுபடியும் அதே கதவு மூடப்பட்டது. அப்போது ஏர் இந்தியாவின் வட அமெரிக்க விமானங்கள் சில, வியன்னாவிலும் கோபன்ஹேகனிலும் எரிபொருளுக்காக இறங்கி ஏறின. அந்த விமானங்களில் பெட்டியைக் கட்டிக்கிட்டு முதல் செமஸ்டருக்குக் கிளம்பின உங்க சீனியர்களும் இருந்திருப்பாங்க. இறங்கி இன்னொரு விமானம் பிடிக்கணும்னா, இந்த ரெண்டு மணி, மூணு மணி நேரம்தான் எல்லாத்தையும் தீர்மானிக்கும்.

டிக்கெட்டைப் படிங்க!

நாளைக்கு மாஸ்டர்ஸ் பண்ணவோ, வேலைக்கோ நீங்களும் கிளம்பலாம். அதுக்கு முன்னாடி மூணே மூணு விஷயம்.

ஒண்ணு: 'நான்-ஸ்டாப்' வேற, 'டைரக்ட்' வேற. டைரக்ட்னா ஒரே ஃப்ளைட் நம்பர்தான். நடுவில் எங்கேயாவது இறங்கி ஏறலாம்.

ரெண்டு: ரெண்டு விமானம் மாறணும்னா ஒரே டிக்கெட்டில் எடுங்க. தனித்தனியா எடுத்து, முதல் விமானம் லேட்டாகி, ரெண்டாவதை விட்டா, பெரும்பாலும் அது உங்க பாடுதான்.

மூணு: டிக்கெட்டில் இருக்கிற நேரம் எல்லாம் அந்தந்த ஊர் நேரம். ஹெல்சின்கியில் சாயங்காலம் 5.30-க்கு ஏறி, மறுநாள் மதியம் 1.30-க்கு டோக்கியோவில் இறங்கறதா வெச்சுக்குவோம். கடிகாரப்படி 20 மணி நேரம். குளிர்காலத்தில் ஜப்பான் 7 மணி நேரம் முன்னால் இருக்கு. கழிச்சா 13. திரும்பும்போது ராத்திரி 10.30-க்கு ஏறி, விடியக்காலை 4.30-க்கு இறங்கினா? 'ஆறே மணி நேரமா!'ன்னு குதிக்காதீங்க. ஏழைக் கூட்டுங்க. அதே 13.

கோடைக்காலத்தில் பின்லாந்து கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால தள்ளி வைக்கும். ஜப்பான் தள்ளாது. அப்போ இந்தக் கணக்கு என்ன ஆகும்? அதை நீங்களே போட்டுப் பாருங்க.

அப்படியே காலேஜ் லைப்ரரி மூலையில் தூசு படிஞ்ச குளோப் ஒண்ணு நிச்சயம் இருக்கும். ஒரு முழம் நூலோட போங்க. உங்க கனவு ஊருக்கு நூலைப் பிடிச்சு இறுக்குங்க. அது எந்தெந்த நாட்டு மேல போகுதுன்னு ஒரு பேப்பரில் எழுதுங்க.

அப்புறம் அந்த லிஸ்ட்டில் எந்தெந்த நாடுகள் இன்னிக்கு ஒண்ணுக்கொண்ணு பேசிக்கலைன்னு பாருங்க. நூலோட நீளம் எப்பவும் மாறாது. ஆனா உங்க டிக்கெட்டில் அச்சாகிற நேரம், அந்த நாடுகள் கையிலதான் இருக்கு!